உகைர் முதல் ஜபல் துகான் வரை: எண்ணெய் உரிமை பேசப்பட்ட இடங்களைத் தேடி

கிழக்குச் சவூதி அரேபியாவில் உள்ள அல் அஹ்ஸாவின் பேரீச்சந்தோப்புகளைத் தாண்டி, ஹுஃபூஃபிலிருந்து கடலை நோக்கிப் போகும் சாலை உகைரில் முடிகிறது. பழைய துறைமுகத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு கோட்டை, சுங்கக் கட்டடம், வளைவுகள் வரிசையாக அமைந்த பண்டகசாலை ஆகியவைதாம். நெடுங்காலம் நடு அரேபியாவுக்கான சரக்குகள் இங்கே இறங்கி, ஒட்டகங்களின் மேல் உள்நாட்டுக்குப் போயின. ஆனால் என்னை இங்கே வரவழைத்தது வணிகத்தின் வரலாறு அன்று. 1922ஆம் ஆண்டின் இறுதியில் இந்த மணற்கரையில் கூடாரமடித்து நடந்த மாநாடு.

பாக்தாதிலிருந்து வந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் பெர்சி காக்ஸ், நடு அரேபியப் பகுதியான நஜ்தின் சுல்தானாக இருந்த அப்துல் அஸீஸ் இப்னு சவூதின் முன்னிலையில் வரைபடத்தில் கோடிழுத்து, நஜ்த், ஈராக், குவைத் ஆகியவற்றின் எல்லைகளை இங்குதான் முடிவு செய்தார். குவைத்தின் சார்பில் அமர்ந்திருந்தவரும் ஒரு பிரிட்டிஷ் அரசியல் முகவரே. எல்லைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே கூடாரங்களுக்கிடையே ஃபிராங்க் ஹோம்ஸ் என்னும் நியூசிலாந்துச் சுரங்கப் பொறியாளர் அல் அஹ்ஸாவின் எண்ணெய் உரிமையைக் கேட்டு வந்து நின்றதை, அதற்கு நிகரான முக்கியத்துவம் உடையதாகவே நான் கருதுகிறேன். பிரிட்டிஷ் அரசின் ஒப்புதலின்றி உரிமை எதையும் வழங்க இயலாது என்று ஹோம்ஸுக்கு எழுதித் தரும்படி காக்ஸ் இப்னு சவூதை வற்புறுத்தியதை, அங்கே உடனிருந்த எழுத்தாளர் அமீன் ரிஹானி பதிவு செய்திருக்கிறார். அந்நாளில் இப்னு சவூது பிரிட்டனிடமிருந்து மாதம் 5,000 பவுண்டு உதவித்தொகை பெற்றுவந்தார் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வற்புறுத்தலின் கனம் விளங்கும்.

எனினும் அடுத்த ஆண்டிலேயே அவர் ஹோம்ஸுக்கு உரிமையை வழங்கினார். ஆண்டு வாடகை 2,000 பவுண்டு மட்டுமே. அவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு அந்தத் தொகை இன்று நம்மைத் திகைக்க வைக்கிறது. ஆனால் வேறு எவரும் பணத்தை நீட்டாத நேரம் அது. ஹோம்ஸின் நிறுவனம் அழைத்துவந்த சுவிஸ் நிலவியலாளர் இப்பகுதியில் நம்பிக்கை வைக்கவில்லை, முதலீட்டாளர்கள் கிடைக்கவில்லை, வாடகையும் நின்றுபோனது, 1928இல் அந்த உரிமை காலாவதியானது.

உகைரிலிருந்து வடக்கே தஹ்ரானுக்கு வந்தேன். இத்ரா பண்பாட்டு மையத்தின் அருகில்தான் தம்மாமின் தொடக்கக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் ஏழாம் எண் கிணறு 1938 மார்ச்சில் எண்ணெயைப் பொழிந்தது. 1982 வரை ஓய்வின்றி உழைத்து 3 கோடியே 20 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் தந்தது. ஆனால் அந்த எண்ணெய்க்கான பேரம் இங்கிருந்து வெகு தொலைவில், செங்கடற்கரை நகரமான ஜித்தாவில் 1933இல் நடந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் ஹஜ் பயணிகளின் வருகை சரிந்து, இப்போது மன்னராகியிருந்த இப்னு சவூதின் கருவூலம் வெறுமையாகியிருந்த ஆண்டு அது. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் சார்பில் லாயிட் ஹாமில்டனும், ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் சார்பில் ஸ்டீபன் லாங்ரிக்கும் வந்திருந்தார்கள். நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் இருவரையும் மாதக்கணக்கில் காத்திருக்க வைத்துப் பேசினார். மன்னரின் ஆலோசகராகக் கருதப்பட்ட ஆங்கிலேயர் ஃபில்பி, அமெரிக்க நிறுவனத்திடம் ஊதியம் பெற்றுக்கொண்டே இந்தப் பேரத்தில் பங்கேற்றார் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் கசக்கிறது.

லாங்ரிக்கின் நிறுவனம் வேறிடங்களில் போதிய எண்ணெயைக் கையில் வைத்திருந்தது. பிறர் உள்ளே வராமல் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்ததால், பெருந்தொகை தர அது முன்வரவில்லை. அமெரிக்கர்கள் 30,000 தங்கச் சவரன் கடனாகவும், 5,000 சவரன் முதலாண்டு வாடகையாகவும் தர ஒப்புக்கொண்டு, மே 29 அன்று குஸாம் அரண்மனையில் கையெழுத்திட்டார்கள். அப்போது அமெரிக்கா தங்க ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்ததால், அந்த 35,000 சவரன்களும் லண்டனில் வாங்கப்பட்டுக் கப்பலில் ஜித்தாவுக்கு வந்து, அங்கிருந்த டச்சு வங்கியில் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கப்பட்டன. எண்ணெய் வெளிப்பட்டால் டன்னுக்கு 4 தங்க ஷில்லிங் உரிமைத்தொகை. ஒப்பந்தக் காலம் 60 ஆண்டுகள். பத்தாண்டுகளுக்கு முன் 2,000 பவுண்டுக்குப் பேசப்பட்டதும் இதே மண்தான். இடையில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்திருந்தன: போட்டியாளர் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார், கடலுக்கு அப்பால் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்திருந்தது. இந்தப் பயணம் முழுவதும் நான் கண்டவற்றுள் முதன்மையானது இதுவே: ஆட்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், எதிரே ஒருவர் மட்டும் அமர்ந்திருந்த இடங்களில் அவரால் பேரம் பேச முடியவில்லை.

1986இல் திறக்கப்பட்ட 25 கிலோமீட்டர் நீளமுள்ள மன்னர் ஃபஹத் கடற்பாலத்தின் வழியாகப் பஹ்ரைனை அடைந்தேன். தீவின் நடுவே, சகீர் பாலைவனத்தில் ஜபல் துகான் எழுகிறது. மலை என்று பெயர் பெற்றிருந்தாலும் உயரம் 150 மீட்டரை எட்டாது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் இதன் உச்சியிலிருந்து அக்கரையிலுள்ள தஹ்ரான் குன்றுகள் தெரியும். 1930இல் இங்கு வந்த ஃபிரெட் டேவிஸ் என்ற நிலவியலாளர் அவற்றைப் பார்த்துத்தான் அங்கும் எண்ணெய் இருக்கலாம் என ஊகித்தார்.

பஹ்ரைனின் ஒப்பந்தக் கதையில் தொடக்கத்தில் வருவது தண்ணீர். ஆட்சியாளரின் குடும்பத்துக்கு அப்போது வேண்டியிருந்தது நன்னீர். ஹோம்ஸ் ஆழ்கிணறு தோண்டிக் கொடுத்தார். அந்த நன்றியின் பின்னணியில் 1925 டிசம்பர் 2 அன்று எண்ணெய் உரிமை அவருக்குக் கிடைத்தது. ஆனால் பிரிட்டிஷ் அரசின் அனுமதியின்றி எவருக்கும் எண்ணெய் உரிமை தருவதில்லை என்று 1914இலேயே அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஈசா எழுதிக் கொடுத்திருந்தார். 1923இல் அவரை ஒதுக்கிவிட்டு, மகன் ஹமதிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தவர்களும் பிரிட்டிஷ் அதிகாரிகளே. அந்த அதிகாரிகளோ பாரசீகத் துறைமுகமான புஷேரிலிருந்த ரெசிடென்ட் என்னும் பிரிட்டிஷ் பிரதிநிதி வழியாக இந்திய அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே பஹ்ரைனின் எண்ணெய் பற்றிய கடிதங்கள் டெல்லிக்கும் லண்டனுக்கும் அலைந்தன. உரிமைத்தொகையும் நம் நாணயத்தில், டன்னுக்கு 3 ரூபாய் 8 அணா என்று எழுதப்பட்டது.

உரிமையை ஹோம்ஸிடமிருந்து பெற்ற கல்ஃப் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனம், பங்காளிகள் எவரும் தனியாக எண்ணெய் தேடக் கூடாது என்ற 1928இன் செங்கோட்டு உடன்படிக்கையில் பங்காளியாக இருந்ததால் தனித்துத் துரப்பணம் செய்ய இயலாமல், அதைக் கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. உரிமையை வைத்திருப்பது பிரிட்டிஷ் நிறுவனமாகவே இருக்க வேண்டும் என்று லண்டன் விடாப்பிடியாக நின்றபோது, அமெரிக்கர்கள் 1929இல் கனடாவில் பாப்கோ (பஹ்ரைன் பெட்ரோலியம் கம்பெனி) என்னும் நிறுவனத்தைப் பதிவு செய்து அந்தத் தடையைக் கடந்தார்கள். இத்தனை பேச்சுகளிலும் ஷேக்கின் குரலை எங்கே கேட்கலாம் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். அது மிகச் சில இடங்களில்தான் கேட்கிறது.

1931 அக்டோபர் 16 அன்று துளைக்கத் தொடங்கிய முதற்கிணறு 1932 ஜூன் தொடக்கத்தில் எண்ணெய் தந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்துகளாலும் உலக மந்தத்தாலும் பஹ்ரைனின் முத்துக்குளிப்பு நொடிந்துகொண்டிருந்த வேளையில் அது வந்து சேர்ந்தது. கிணற்றின் அருகே சிறிய எண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய துரப்பணக் கருவிகளும் புகைப்படங்களும் ஆவணங்களும் அங்கே உள்ளன.

குவைத்துக்கு இம்முறை போக இயலவில்லை. அங்கே ஆட்சியாளர் ஷேக் அகமது அல் ஜாபிர் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையும் பல ஆண்டுகள் காத்திருக்க வைத்தார். அவர்கள் கைகோத்து ஒரே நிறுவனமாக வந்தபோதும் மூன்றாவதாக வந்த மற்றொரு குழுவைக் காட்டித் தொகையை உயர்த்தினார். 1934 டிசம்பர் 23 அன்று 4,75,000 ரூபாய் முன்பணத்துக்குக் கையெழுத்திட்டார். அங்குள்ள அஹ்மதி நகரையும் புர்கான் எண்ணெய் வயலையும் அடுத்த பயணத்தில் பார்க்க வேண்டும். இந்த வழியில் செல்ல விரும்புவோர் உகைரிலிருந்தே தொடங்குவது நல்லது. அங்கே கடைகள் அரிது என்பதால் தண்ணீரும் உணவும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஜபல் துகான் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.