வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்த பிறகு

சேலத்தில் திருமணிமுத்தாறு பொங்கி வீட்டுக்குள் வரும் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். ஈரத்தில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள்.

சேறு காய்ந்து இறுகுவதற்குள் கழுவித் தள்ளிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் அதற்குப் பிறகுதான். சேற்றின் மேலேயே தூவினால் குளோரின் அழுக்கிலேயே வீணாகிவிடும். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சாக்கடைத் தண்ணீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை, மனசு வராவிட்டாலும், தூக்கிப் போடத்தான் வேண்டும்.

அம்மாபேட்டைப் பக்கம் குழித்தறி (குழிக்குள் கால் வைத்து நெய்யும் கைத்தறி) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பாவு நூலையும் பட்டு நூலையும் முதலில் மேலே ஏற்றுங்கள். குழித் தண்ணீரை ஒரேயடியாக மோட்டார் போட்டு உறிஞ்ச வேண்டாம். சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும், குழிச்சுவர் சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். பீரோ, கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தி, ஃபேன் காற்று சுவரின் அடிப்பகுதியில் உரசிப் போகும்படி வையுங்கள். சேலத்து வெயிலில் ஜன்னலைத் திறந்தால் போதும். ஏற்காட்டில் அது எடுபடாது, பனிமூட்டம் உள்ளே வந்து ஈரம் கூடும். அங்கே ஜன்னலைச் சாத்திவிட்டு டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) ஓட்டுங்கள். அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கட்டும். குளிர் அதிகமானால் கம்ப்ரசர் வகைக் கருவியின் குளிர்ச்சுருள் (coil) உறைந்துபோகும், அறையில் ஹீட்டரும் வேண்டும்.

பெயின்டருக்குச் சொல்லும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் பட்டி பூச வேண்டாம், உரிந்து வந்துவிடும்.