196 கட்-ஆஃபும் பெரியப்பாவின் கணக்கும்

கணிதம் 99, இயற்பியல் 96, வேதியியல் 98. கணிதத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால், இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு என் கட்-ஆஃப் 196. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அது பெரிய மார்க். சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க அது போதாது என்று தெருவுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ட்ரிபிள்-ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் தான் வேண்டும். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். லீவு நாட்களில் கடையில் உட்கார்ந்து, கருகிப்போன செம்புக் கம்பியைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்வது என் வேலை. வார்னிஷ் வாசனை சாப்பிடும்போதும் கையில் இருக்கும். அந்த மோட்டார் ஏன் சுற்றுகிறது என்பதைப் பிளஸ் டூ புத்தகத்தில் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இதை உறவுக்காரர்களிடம் சொன்னால், "பொம்பளப் பிள்ளைக்கு ஏசி ரூம் வேலைதான் நல்லது" என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

ரேங்க் வந்ததும் போன் ஓயவில்லை. என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, ஒரு தனியார் கல்லூரியிலிருந்து பேசிய அக்கா பாதி ஃபீஸ் தள்ளுபடி என்றார். அப்புறம் மெதுவாக, "கவுன்சிலிங் ஐடி, பாஸ்வேர்டு மட்டும் குடும்மா, சாய்ஸை நாங்களே போட்டு லாக் பண்ணிடுறோம்." அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன்.

உண்மையான சண்டை சாய்ஸ் வரிசையில்தான், எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று. நான் எழுதியது: முதலில் கிண்டி, அடுத்து கோவை ஜிசிடி, பிறகு பிஎஸ்ஜி, மதுரை தியாகராஜர். எல்லாம் ட்ரிபிள்-ஈ. அரசுக் கல்லூரி என்பதால் ஃபீஸ் குறைவு, அதனால்தான் ஜிசிடி மேலே. பெரியப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, "கிடைக்கிறதை மொதல்ல போடு. கிண்டியை மேல வச்சா கோயமுத்தூரும் போயிரும்" என்றார். அப்பாவும் கொஞ்சம் ஆடிப்போனார்.

அது அப்படியில்லை. நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருப்பதைத் தருகிறார்கள். கிண்டி இல்லையென்றால் அடுத்ததுக்கு வரும், அவ்வளவுதான். மேலே ஆசைப்பட்டதற்குத் தண்டனை கிடையாது. மாறாக, ஜிசிடியை முதலில் போட்டிருந்தால் கிண்டியில் இடம் இருந்தாலும் எனக்கு வந்திருக்காது. இதைப் பெரியப்பாவுக்கு மூன்று முறை விளக்கினேன். லாக் செய்தபோது கை நடுங்கியது நிஜம்.

தற்காலிக ஒதுக்கீட்டில் ஜிசிடி வந்தது. 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (இதை ஏற்கிறேன், மேலே போட்டது காலியானால் அதைத் தாருங்கள்) கொடுத்து, உதவி மையத்தில் பணம் கட்டிவிட்டு கிண்டிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஜிசிடியே நிலைத்தது.

சேதி கேட்டுப் பெரியப்பா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். "நான் அப்பவே கோயமுத்தூர்னு சொன்னேன்ல?"