மேல்தோட்டத்து வாழையும் 1919-ஆம் ஆண்டுச் சட்டமும்

திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் தோட்டக்கலைத் துறை என்று சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மானியம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், வட்டாட்சியர் தந்த சிறு விவசாயி சான்று என எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். நானும் வாங்கியிருக்கிறேன். அதனால் பலன் கிடைத்ததையும் மறுக்க மாட்டேன். ஆனால் மாநில அரசுக்கு இப்படி ஒரு துறை ஏன் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் மானியத்தைச் சொல்ல மாட்டேன், மலைவாழையைத்தான் காட்டுவேன்.

கீழ்ப்பழனி மலையின் வாழை, சமவெளி வாழை போன்றதல்ல. காப்பிச் செடிகளுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மழையை மட்டும் நம்பி வளர்வது. பழத்தில் நீர் குறைவு. அதனால் சீக்கிரம் அழுகாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி என்ற மலைவாழைப் பழத்தைத் தேடியதற்கு அதுதான் காரணம். விருப்பாச்சி, சிறுமலை இரண்டு வாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல். "காப்பி வருஷக் கடனுக்கு, வாழை வாரச் செலவுக்கு" என்பார் என் மாமியார். காப்பிப் பணம் அறுவடைக்குப் பிறகு ஒரே தடவைதான் வரும். வாழைத்தாரோ வண்டியில் ஏறிக்கொண்டே இருக்கும். பள்ளிக் கட்டணம், அரிசி, மருந்து எல்லாம் வாழையில்தான் ஓடியது.

அந்த வாழையை அழித்தது முடிக்கொத்து நோய். இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்குள் வந்து, 1970-களில் எங்கள் மலையைப் பிடித்துக்கொண்ட வைரஸ் அது. மருந்து கிடையாது. நோய் ஏறிய மரம் பிழைக்காது. வைரஸைச் சுமந்து திரிவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. இலையுறையின் அடியில், குருத்தின் இடுக்கில் கரும்பழுப்பு நிறத்தில் அப்பிக்கொண்டிருக்கும். எறும்பு ஏறி இறங்கும் வாழையைப் பார்த்தால் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், அங்கே இருக்கும்.

இதையெல்லாம் எனக்குக் காட்டிக் கொடுத்தவர் எங்கள் பகுதிக்கு உதவி தோட்டக்கலை அலுவலராக வந்த ஒரு பெண். மிளகுக் கொடி நட்டதைப் புகைப்படம் எடுக்க வந்தவர், படம் எடுத்த கையோடு கிளம்பாமல் தோட்டத்துக்குள் இறங்கினார். ஒரு வாழைக் கன்றின் முன் நின்று, இலையைப் பின்பக்கம் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"அக்கா, இந்த நடு நரம்பை ஒட்டிப் பாருங்கள். என்ன தெரிகிறது?"

கரும்பச்சை நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், இடையிடையே சிறு கோடுகள். தந்தி அடித்தது போலப் புள்ளியும் கோடும் மாறி மாறி இருந்தன. கன்று பார்வைக்கு நன்றாகவே நின்றது. இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாகச் சேர்ந்த பிறகுதான் நோய் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் அசுவினி பக்கத்து மரங்களுக்குப் போய்விட்டிருக்கும்.

நான் உடனே அரிவாளை எடுத்தேன். அவர் தடுத்தார். "முதலில் அசுவினிக்கு மருந்து அடியுங்கள், அக்கா. அது செத்த பிறகு கிழங்கோடு தோண்டி எடுங்கள். உயிரோடு இருக்கும்போது வெட்டினால் அது பசியோடு அடுத்த மரத்துக்குப் போகும்." கிழங்கில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அதிலிருந்து நோயோடு கன்று கிளம்பும் என்றார். எந்தப் பயிற்சி முகாமின் துண்டறிக்கையும் எனக்கு அந்த அரை மணி நேரம் அளவுக்குப் பயன்பட்டதில்லை. தோட்டத்துக்குள் வந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் அலுவலர்தான் அந்தத் துறையின் உயிர். அவருடைய நாளில் பெரும்பகுதி இலக்கு, பதிவேற்றம், பயனாளிப் பட்டியல் என்று போய்விடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகவே பாதி நாள் ஆகும்.

அவர் சொன்னபடியே செய்தேன். எங்கள் தோட்டம் ஓரளவு சுத்தமானது. ஆனால் எங்களுக்கு மேலே இருக்கும் தோட்டத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போட்டிருக்கிறார். வேலி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ஆள் இல்லை. பழைய உரிமையாளர் விட்டுப்போன வாழைகள் உள்ளே கொத்துக் கொத்தாக, தார் போடாமல், மஞ்சள் ஓர இலைகளோடு நிற்கின்றன. காற்று அடிக்கும்போது அங்கிருந்து அசுவினி இறங்குகிறது. எங்களுக்கு அடுத்த தோட்டத்துப் பெரியப்பா ஒரு நாள் சொன்னார்: "நீயும் நானும் வேரோடு பிடுங்கி என்ன செய்வது, தாயி? மேலே ஊற்று இருக்கிறதே." உரிமையாளர் தரப்புக்குப் போன் செய்து கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். அடுத்தவர் நிலத்துக்குள் நாங்கள் நுழைந்து வெட்ட முடியாது.

அரசு வேண்டியது இந்த இடத்தில்தான். எங்கள் ஒரே நிலத்துக்குப் பல கதவுகள். காப்பிக்கு மத்திய அரசின் காப்பி வாரியம். அதன் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தை எங்கள் ஆட்கள் பலர் தோட்டக்கலைத் துறையுடையது என்று நினைக்கிறார்கள். அது வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வாழைக்கென்றே மத்திய ஆராய்ச்சி மையம் திருச்சியில் இருக்கிறது. வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றை எப்படி உருவாக்குவது, எப்படிச் சோதிப்பது என்ற அறிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பூட்டிய வேலியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் எந்த விஞ்ஞானிக்கும் கிடையாது. அது மாநில அரசிடம் மட்டும் இருக்கிறது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனத்தைப் படித்துப் பாருங்கள். வேளாண்மை, வேளாண் கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு பூச்சிகளிடமிருந்து பயிரைக் காப்பதும் பயிர் நோய்களைத் தடுப்பதும் மாநிலத்தின் பொறுப்பு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மானியம் என்ற சொல் அதில் இல்லை. சென்னை மாகாணம் இதற்காக 1919-லேயே வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. இன்ன பகுதியில் இன்ன நோய் என்று அரசு அறிவிக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவிடலாம். நிலத்துக்காரர் செய்யாவிட்டால் அலுவலர் நிலத்துக்குள் சென்று நோயுற்ற செடியை அழித்துவிட்டுச் செலவை அவரிடமே வசூலிக்கலாம். நூறாண்டைத் தாண்டிய சட்டம் என்றாலும் எங்கள் மலைக்கு நேற்று எழுதியது போலப் பொருந்துகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேல்தோட்டத்துக்குள் யாரும் நுழைந்து நான் பார்த்ததில்லை.

1979-இல் வேளாண்மைத் துறையிலிருந்து தோட்டக்கலையைப் பிரித்துத் தனித் துறையாக்கினார்கள். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையே வருகிறது. துறையின் பெயரிலும் உழவர் நலம் சேர்ந்திருக்கிறது. நல்லது. அந்த நலத்தில் இதையும் சேர்க்க வேண்டும். திசு வளர்ப்புக் கன்றைக் கொடுத்தால் மட்டும் போதாது. வைரஸ் இல்லாத கன்றுக்கும் அசுவினி கடித்தால் நோய் வரும். சுற்றிலும் நோய் மரங்களை விட்டுவைத்து நடுவில் புதுக் கன்று நடுவது அரசுப் பணத்தை அசுவினிக்குத் தீனி போடுவதற்குச் சமம். முதலில் ஒரு சரிவு முழுவதையும், யாருடைய நிலம் என்று பார்க்காமல், ஒரே பருவத்தில் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஊர் ஆட்களுக்கே கூலி கொடுக்கலாம். பிறகு மழைக்கு முன்னால் கன்று வர வேண்டும். நடவுக்குப் பின் இலையைத் திருப்பிப் பார்க்க ஓர் அலுவலர் திரும்பத் திரும்ப வந்துபோக வேண்டும்.

இதையே மனுவாக எழுதியிருக்கிறேன். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர்ப் பக்கம் வாழை வைத்திருப்பவர்கள் தங்கள் புல எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன். பூட்டிக் கிடக்கும் தோட்டம் உங்கள் பக்கத்தில் இருந்தால் அதன் புல எண்ணையும் கேட்டு எழுதி வாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும்.