குண்டு பல்பும் கோழிக்குஞ்சும்

பெருந்துறைக் கடைவீதியில் 60 வாட்ஸ் குண்டு பல்பு கேட்டால் இப்போதெல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "எல்.இ.டி. எடுத்துக்கங்க அக்கா, கரண்ட்டு மிச்சம்." எனக்கு வெளிச்சம் வேண்டாம், சூடு வேண்டும் என்றதும், "ஓ, கோழிக்குஞ்சுக்கா" என்று பரணில் துழாவி எடுத்துத் தருவார்கள்.

நாங்கள் வளர்ப்பது சிறுவிடை நாட்டுக்கோழி. அடைக்கோழியை பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு வைத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இன்குபேட்டரில் ஐம்பது குஞ்சு ஒரே நாளில் பொரித்தால் தாய்க்கோழி வேலை நம் தலையில். தகரத்தை ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டுவோம். சதுரப் பெட்டி வேண்டவே வேண்டாம். குளிர் தட்டினால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடும். கீழே இரண்டு அங்குலம் நெல் உமி, அதன்மேல் முதல் சில நாளைக்கு செய்தித்தாள். இல்லாவிட்டால் தீவனமென்று உமியைக் கொத்தும். ஐம்பதுக்கு இரண்டு பல்பு. ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று விடியும்வரை தாங்கும்.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும் என்பது கணக்கு. தெர்மாமீட்டர் தொங்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்ப்பது குஞ்சை. பல்புக்கடியில் குவிந்து கிய்யா கிய்யா என்று விடாமல் கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்கு. தகரத்தோரம் ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம், ஏற்று. ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் எதிர்ப்பக்கம் எங்கேயோ காற்று புகுகிறது, சாக்கைக் கட்டு. பரவிக் கிடந்து, சிலது தின்ன, சிலது காலை நீட்டித் தூங்க, லேசாக முணுமுணுப்பு மட்டும் கேட்டால் நானும் போய்ப் படுத்துவிடுவேன்.

இதைவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். வந்த அன்று கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை தொட்டு நனைத்துவிட்டால் போதும். டானிக் எல்லாம் பிறகு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து நனையாது.

தடுப்பூசி வேறு விஷயம், அதில் சால்ஜாப்பு கூடாது. ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா சொட்டு மருந்து. ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். சின்னப் புட்டியே நூறு குஞ்சுக்கு வரும், கலக்கிவிட்டால் எடுத்து வைக்க முடியாது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நானும் ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம். கண்ணில் ஒரே சொட்டு. விட்டதும் கீழே போட்டுவிடாதீர்கள், மருந்து உள்ளே இறங்கி அது கண்ணைச் சிமிட்டும்வரை கையிலேயே இருக்கட்டும். பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து.

"பல்பு, ஊசி, தெர்மாமீட்டரு... புள்ளைக்குக்கூட இத்தனை பாக்கலியே அம்மிணி" என்பார் மாமியார். மழை ஈரத்தில் உமி கட்டிதட்டினால் முதலில் கண்டுபிடித்துக் கிளறிவிடுவதும் அவர்தான். ஈரம் நின்றால் மூன்றாம் வாரத்தில் ரத்தக்கழிச்சல் வந்து நிற்கும்.

நாலு வாரத்தில் இறகு மூடிவிடும். வெயில் காலமென்றால் அதற்கு முன்பே பகலில் பல்பை அணைத்துவிடலாம். எலித்தொல்லை உள்ள இடமென்றால் வட்டத்துக்கு மேலே கம்பிவலை போட மறக்காதீர்கள், எலி ஒரே ராத்திரியில் பாதியை இழுத்துப்போய்விடும்.