பங்கு பிரியாத காடு

அப்பாரு (தாத்தா) காலத்தில் எங்கள் மேட்டுக்காடு என்கிற மானாவாரி நிலம் அண்ணன் தம்பி ஐந்து பேருக்குப் பிரிந்தது. கிணறு ஒன்றுதான். தண்ணீருக்கு முறை வைத்து, முறை தவறி, கடைசியில் பேச்சே நின்றுபோனது. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த காங்கயம் பக்கத்து என் வயதுக்காரர்கள் பலர் "ஒண்ணு போதுமுங்க" என்று நிறுத்திக்கொண்டோம். சுவரில் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைவிடப் பங்குச் சண்டைதான் இங்கே குடும்பத்தைச் சுருக்கியது என்பது என் கட்சி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. எங்கள் சொந்தத்தில் எண்ணினால் அதுவே அதிகம்.

அதற்குப் பிறகு காடு பிரியவில்லை. ஆனால் காட்டில் ஆளும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 100க்கு 8.6 பேர் 60 வயதைத் தொட்டிருந்தபோது தமிழ்நாட்டில் 10.4. எங்கள் பக்கம் அந்த வயசாளிகள் ஊருக்குள் வீடுகள் சேர்ந்திருக்கும் வளவில் இல்லை. தோட்டத்து வீடான சாளையில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், தனியாக இருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் 2025இல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் சாளையில் கேமரா வந்தது. அம்மாவின் நகை லாக்கருக்குப் போனது. பெங்களூரிலிருந்து என் மகன் கேமரா வழியாகவே, "அப்பாரே, கேட்டைப் பூட்டலீங்களா?" என்று கத்துவான். அய்யன் (என் அப்பா) அதைப் பார்த்துத் துண்டை உதறுவதோடு சரி.

கோயமுத்தூருக்கு வாங்க என்றால், "மாட்டை ஆரு கறப்பாங்க?" என்கிறார். வடவள்ளிப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய வீடுகளையும் கூட்டிப்போய்க் காட்டினேன். சமையலறை பார்த்து அம்மா சிரித்துவிட்டார்.

எங்கள் காட்டில் களை வெட்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். அரசு முதியோர் பென்ஷன் 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது, 2023இலிருந்து 1,200. அவருக்கு அதுதான் வருமானம். "எங்கிட்ட எடுக்க என்னங்க இருக்குது?" என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர். இப்போது ராத்திரித் துணைக்கு எங்கள் திண்ணையில்தான் படுக்கிறார். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் அவருடைய பேரனும் வருகிறான். இதற்கு மாதம் என்ன கொடுப்பது என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.