பாலால் எழுதிய துணி: நான்காம் முயற்சி

மூன்று துணிகள் வீணான பின்னர், நான்காவது துணியில் பாலின் தடம் கடந்த ஞாயிற்றுக்கிழமை தெளிவாக எழுந்தது. நல்ல பசுவின் பால் கன்றின் வாய்க்கும் போகாமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திப் போவதைப் போல, தன் அழகு தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் பிரிவால் மேனியில் படரும் பசலைக்கு இரையாகிறது என்று குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி சொல்கிறாள். அந்தப் பாலை வெள்ளை வண்ணத்தால் தீட்ட எனக்கு மனம் வரவில்லை. பாலையே துணியில் சிந்தவிட்டு, தேயிலைச் சாயத்தில் அது தானாக வெளிப்பட வேண்டும் என்று விரும்பினேன். தாங்கள் பறித்த கொழுந்தின் நல்ல தூளெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போக, டஸ்ட் தூளில் தேத்தண்ணி குடித்து வளர்ந்த எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பெண்களுக்கு அந்த உவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பருத்தி தேயிலைச் சாயத்தை மெலிதாகவே பிடிக்கும். பாலின் புரதம் படிந்த இடமோ தேயிலையின் துவர்ப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு இரும்பு நீரில் தோய்த்தால் துவர்ப்பு மிகுந்த இடம் கருமையாகும். வினாகிரியில் ஒரு வாரம் ஊறிய, தாத்தாவின் துருவேறிய கவாத்துக் கத்தியிலிருந்து அந்த நீரை எடுத்தேன். இவை எல்லாம் எளிது. பாலை உலர்த்துவதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

முதல் துணியில் பாலை அப்படியே பூசியதால், அதன் கொழுப்பு சாயத்தைத் தள்ளித் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. இரண்டாவதைப் பூசிய வாரம் முழுவதும் இலங்கை மலையகத்தின் ஹற்றனில் மழையும் மூடுபனியும் விடவில்லை. மூன்று நாளாகியும் காயாத பால் புளித்து, ஈர நூல் வழியே ஊர்ந்து, எழுத்துகளின் விளிம்பைக் கரைத்துவிட்டது. மூன்றாவதை இரும்பு நீரில் பத்து நிமிடம் விட்டேன். தடமும் வெறுந்துணியும் ஒரே கருமையாகின. இரும்பு மிகுந்தால் துணியும் நாளடைவில் இற்றுப்போகும் என்பதால் அதைச் சட்டத்தில் ஏற்றவும் துணியவில்லை.

இம்முறை காய்ச்சிய பாலை ஓர் இரவு வைத்து, ஆடையை முழுவதும் நீக்கி, சம அளவு தண்ணீர் கலந்து, தூரிகையை ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பிடித்து எழுதினேன். மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே அடுப்புக்கு மேலே கொடியில் ஓர் இரவு. புகை படுமே என்று முதலில் அஞ்சினேன். ஆனால் அந்த இளஞ்சூடுதான் விளிம்பைக் காப்பாற்றியது. ஒரு வாரம் மடிக்காமல் தொங்கவிட்டு, ஆறிய சாயத்தில் தோய்த்து, இரும்பு நீரில் ஐந்து விநாடி மட்டும் முக்கி உடனே அலசினேன். உலரும்போது கண்ணுக்கே தெரியாதிருந்த பால், கரிய ஓடையாக எழுந்து வந்ததைப் பார்த்து அம்மாவைக் கூவி அழைத்தேன்.

இந்தத் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஹற்றனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேயிலைப் பைகளையும் கலைப்பொருளாக்கியதைக் கண்ட பின்புதான், எங்கள் வீட்டுக் கறையும் ஓவியத்துக்கு உரியது என்று நம்பினேன். இந்திய ஓவியர் நிலிமா ஷேக், கவிஞர் ஆகா ஷாஹித் அலியின் காஷ்மீர்க் கவிதைகளை ஒட்டிப் பெருந்தொங்கல்களைத் தீட்டியபோது பயன்படுத்திய கேசீன் வண்ணமும் பாலிலிருந்து வருவதுதான். தொங்கலின் பின்புறத்தில் அவர் எழுத்தை வைத்த முறை என்னை இன்னும் விடவில்லை; என் துணியைச் சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடப் போவதும் அதனால்தான்.

இனித் தையல் இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றிக்கட்டிய பழைய படங்கிலிருந்து வெட்டிய பட்டையைக் கீழ் விளிம்பில் வைத்து, பால் நிலத்தைத் தொடும் இடத்தில் ஓட்டுத்தையல் போட வேண்டும். நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய சிவப்பு நூல் முதல் அலசலிலேயே சாயம் கக்கியதால், இனி எந்த நூலையும் வெந்நீரில் சோதிக்காமல் ஊசியில் கோர்க்க மாட்டேன்.

அதற்குள் மனம் அடுத்த துணிக்குத் தாவிவிட்டது. குறுந்தொகையின் 58ஆம் பாடலும் வெள்ளிவீதியாருடையதே: வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகிப் பரவ, கையில்லாத ஊமை அதைக் கண்ணால் மட்டும் காத்திருக்கிறான். முதல் துணியைக் கெடுத்த அதே கொழுப்பு, அங்கே சாயத்தைத் தடுத்து வெண்மையைக் காக்கும் பொருளாகலாம். சிறு துண்டு ஒன்றில் வெண்ணெயைத் தடவி, அதே அடுப்பங்கொடியில் நேற்று மாட்டிவைத்திருக்கிறேன்.