காபி டிகாஷனில் ஊறிய டேக்குகள்: இதுவரை வந்த விதம்

சித்தி மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஏற்காட்டுக் காபித் தூளும் மிளகும் சின்னத் துணிப்பைகளில் கட்டிப் போடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அந்தத் துணிப்பையின் வாயில் கட்டித் தொங்கவிட, அந்தக் காலத்து மண்டிச் சீட்டு போல ஒரு டேக் செய்து தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இனி யாராவது செய்தால் உதவும் என்று இதுவரை பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

காபியில் முக்கி எடுத்தால் பேப்பர் பழசாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தாத்தா சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதியவர். அவருடைய ரசீதுகள் குத்துக்கம்பியில் கோத்தபடியே இன்னும் வீட்டில் இருக்கின்றன. அதில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுப்பகுதி இன்னும் வெளிர் மஞ்சள்தான். ஓரம் மட்டும் பழுப்பு, மூலைகள் அதைவிடக் கருமை. கம்பி நுழைந்த ஓட்டையைச் சுற்றித் துருவின் செம்பழுப்பு வளையம். குண்டூசி குத்தியிருந்த இடத்தில் ஊசியின் உருவமே கறையாக அச்சாகியிருந்தது.

காரணம் எளிது. மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது நிறம் மாறும். அடுக்கி வைத்த தாளில் காற்று முதலில் தொடுவது ஓரத்தை. அதனால் பழமை ஓரத்திலிருந்துதான் உள்ளே வரும். முழு டேக்கும் ஒரே பழுப்பில் இருந்தால் அது சாயம் போட்ட அட்டை, பழைய தாள் இல்லை. மெழுகுவர்த்தியில் ஓரத்தைக் கருக்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. மண்டி ரசீதுகள் எதுவும் தீயில் கருகிப் பழசாகவில்லையே.

சரி, அட்டை. பளபளப்பான கல்யாணப் பத்திரிகை அட்டை உதவாது, மேல்பூச்சு இருப்பதால் நிறம் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். சாதாரண டிராயிங் ஷீட்டில் கனமானது போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சவும் கூடாது, முத்தாக உருண்டு நிற்கவும் கூடாது, மெல்ல இறங்க வேண்டும். அளவுக்கு, அமெரிக்காவில் சரக்குப் பொதிகளில் கட்டும் டேக்குகளின் 5ஆம் எண் அளவை எடுத்துக்கொண்டேன்: நீளம் நாலே முக்கால் அங்குலம், அகலம் அதில் சரிபாதி. மேல் மூலைகள் இரண்டையும் சாய்வாக வெட்ட வேண்டும்.

வெட்டியதும் கசக்குவதுதான் முக்கியமான கட்டம். உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிப் பிறகு விரிக்கிறேன். எழுதும்போது மை பரவாமல் இருக்கத் தாளில் ஒரு பசை சேர்த்திருப்பார்கள். மடிந்த இடத்தில் அது உடைந்துவிடும். டிகாஷன் அந்த விரிசல் வழியாகத்தான் உள்ளே போகும். ஈரம் பட்ட கொஞ்ச நேரத்திலேயே மடிப்புக் கோடுகள் மயிரிழை மாதிரி கருத்து எழும்பும். இதைப் பார்க்க அவ்வளவு பிடித்திருக்கிறது எனக்கு, ஒவ்வொரு டேக்கிலும் நின்று பார்க்கிறேன்.

டிகாஷனுக்குப் புதுத் தூள் வேண்டாம். காலையில் ஃபில்டரில் மிஞ்சிய சக்கையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சினால் போதும். சிக்கரி கலந்த தூள் நிறம் கூடுதலாகத் தருகிறது. சிக்கரி இல்லாத ஏற்காட்டு அராபிகா மஞ்சள் சாய்ந்த பழுப்பு, எனக்கு அதுதான் சரி. டீயும் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சிவப்படிக்கிறது. டேக்கை முக்குவதில்லை. எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஓரங்களில் ஸ்பூனால் டிகாஷன் விட்டு, நடுவில் வெறும் ஈரம் மட்டும் தடவுகிறேன். மேலே இரண்டு சிட்டிகை சக்கை தூவினால், பழைய தாளில் வரும் மங்கின புள்ளிகள் வந்துவிடும்.

காய வைப்பதில் சேலத்துக்கும் மலைக்கும் பெரிய வித்தியாசம். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தவை சட்டென்று காய்ந்து, சுருண்டு, நிறம் சமமாக வந்தன. அறைக்குள் தட்டிலேயே மெதுவாகக் காய்ந்தவற்றில் ஓரத்தில் தெளிவான கோடு விழுந்தது. ஈரத்தின் விளிம்பில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓடும்போது நிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சிந்திய காபிச் சொட்டு காய்ந்தால் ஓரத்தில் வளையம் விழுவதும் இதனால்தான். ஏற்காட்டில் சித்தி வீட்டில் ஒரு தட்டு வைத்துவிட்டு வந்தேன். ஐயாயிரம் அடி உயரம், மூடுபனி வேறு. அங்கே காய்ந்து வருபவற்றில் கோடு இன்னும் மென்மையாக, இரண்டு மூன்று அடுக்காக விழுகிறது. பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

துருக்கறைக்கு, டிகாஷனுக்கு முன்பே டேக்கை உப்புத் தண்ணீரில் நனைத்து இரும்புக் குண்டூசியை அதன் மேல் படுக்க வைக்க வேண்டும். பித்தளை, நிக்கல் பூச்சு உள்ள ஊசிகள் கறை விடாது. கடுக்காய்த் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பே வந்துவிடும். கலம்காரிக் கறுப்பின் அடிப்படை அதுதான். இந்த டேக்குக்கு அவ்வளவு தேவையில்லை.

ஓட்டையைச் சுற்றி இரண்டு பக்கமும் சின்ன அட்டை வளையம் ஒட்டுகிறேன். அமெரிக்காவில் டென்னிசன் என்பவர் 1863இல் காப்புரிமை பெற்ற யோசனை இது, நூல் இழுத்தால் டேக் கிழியாது. அப்புறம் உப்புத்தாளால் கீழ் மூலைகளையும் வளையத்தின் மேல்பக்கத்தையும் மட்டும் தேய்க்கிறேன். தொங்குகிற டேக் தேய்வது அங்கேதான்.

காய்ந்த டேக் தொளதொளவென்று இருக்கும். அதற்கு ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்துக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை காய்ச்சி வடிகட்டி, பிரஷ்ஷால் மெல்லியதாக ஒரு பூச்சு. அரை ஈரத்தில் மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சலசலவென்று விறைப்பாகிவிடும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், சாப்பிடும் பொருள் உள்ள பையில் கட்டுகிற டேக்குக்குக் கூடவே கூடாது. கஞ்சி கனமாகப் பூசினால் ராமபாணப் பூச்சி வரும், அதனால் மெல்லிசாகவே போதும்.

எழுத்து கடைசியில்தான். பேனா மையில் முதலில் எழுதினால் டிகாஷனில் கரைந்து ஓடுகிறது. கஞ்சி பூசிய பிறகு நிப்புப் பேனாவால் எழுதினால் மை பரவாமல் நிற்கிறது. ‘சேர்வராயன் மலைக் காபி’ என்று மேலே, கீழே தமிழ் எண்ணில் வரிசை எண்: ௧, ௨, ௩. ஏற்காடு இருக்கும் இந்த மலையில் காபி 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது, அந்த வருஷத்தைப் போடேன் என்று வீட்டில் கேட்டார்கள். போடவில்லை. பழசு போலத் தெரியட்டும், ஆனால் இல்லாத வருஷத்தை ஒரு சீட்டில் எழுத மனம் வரவில்லை. கல்யாணத் தேதியையே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும்: காபியில் அமிலம் இருக்கிறது, இந்த டேக்குகளைப் போட்டோ ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். இனி சணல் நூலையும் அதே டிகாஷனில் ஊறப்போட வேண்டும். ஏற்காட்டுத் தட்டு வந்து சேர்ந்ததும் அதற்கும் கஞ்சி பூசிவிட்டு எழுத உட்கார வேண்டியதுதான்.